ஊசி கழற்றிய மெஷின்

மெஷின்தான் என்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்தேன். ஒரு தாமரைப் பூ, அதன் இரு பக்கமும் விரிந்த இலைகள். பென் டிரைவிலிருந்து டிசைனை ஏற்றி, ப்ரேமில் துணியை விறைப்பாக இழுத்துப் பூட்டி, பட்டனை அழுத்தியிருந்தேன். கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் தானாகவே தைக்கும். ப்ரேம் அங்குமிங்கும் ஓடும், ஊசி நின்ற இடத்திலேயே குத்திக்கொண்டிருக்கும். நூலின் நிறத்தை மாற்றுவது மட்டும்தான் நம் வேலை. தைத்து முடித்துவிட்டதாக மெஷின் விளக்கு காட்டியது. குனிந்து பார்த்தால் பூவில் பாதிதான் இருக்கிறது! வலது பக்கத்து இலை இருக்கிறது. இன்னொரு இலையைக் காணவே காணோம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மெஷின் சர்வீஸ் பார்க்கும் பையனுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, போனிலும் இந்தியில் நன்றாகத் திட்டினேன். அவன் படத்தைப் பார்த்துவிட்டு, "பூரா ஹை, தீதி" என்றான். முழுசாக இருக்கிறதாம். நான் அவனுடைய கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

சத்தம் கேட்டு என் மகள் அபி தன் அறையிலிருந்து வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். புனேயிலேயே பிறந்தவள், தமிழ் பேசினால் நடுவில் மராத்தி எட்டிப்பார்க்கும். "காய் ஜாலா மா? என்ன ஆச்சு?" என்று கேட்டுத் துணியைப் பார்த்தாள். "ஃபுல்லாதான இருக்கு. ரெண்டு லீஃபும் இருக்கு, பாரு நா."

"எல்லாரும் சேந்து என்னையக் கிறுக்கியாக்கப் பாக்கியளாட்டி?" என்று கத்திவிட்டு, அதே டிசைனை மறுபடியும் ஓடவிட்டேன். இவள் கண் முன்னாலேயே மெஷினின் லட்சணத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற வேகம்.

ப்ரேம் நகர ஆரம்பித்ததும் அபி அலறினாள். "அம்மா, கை! உன் கை!"

"எந்தக் கை? இந்தா இருக்கு கை" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

மேஜைமேல் என் இடது கை கிடந்திருக்கிறது. நகர்ந்து வரும் ப்ரேம் ஒவ்வொரு முறையும் அந்த விரல்களில் இடித்திருக்கிறது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அபி மெஷினை அணைத்துவிட்டு அந்தக் கையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.

மருத்துவமனையில் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்கள்? காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து டீ குடித்தோம், அப்போது அம்மா சரியாக இருந்தார் என்று அபி தெளிவாகச் சொன்னாள். அந்த ஒரு பதிலால்தான் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை எனக்கு உடனே ஏற்ற முடிந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென்று பேச்சோ நடையோ பார்வையோ மாறினால், இதை நினைவில் வையுங்கள். யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். கிளம்புங்கள்.

எனக்கு வந்தது இஸ்கெமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் நிற்பது). காரணம், என் இதயத்துக்குள் யாருக்கும் தெரியாமல் இருந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிப்பது; அதனால் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போய்விடலாம்). அடைப்பு மூளையின் வலது பக்கத்தில். கையிலும் காலிலும் இருந்த பலவீனம் விரைவில் குறைந்தது. ஆஹா, தப்பித்தோம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மீதி ஒன்று இருக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் நர்ஸிடம் புலம்பினேன். என் வீட்டுக்காரர் காலையிலிருந்து எட்டிப் பார்க்கவே இல்லை, மனைவியைவிட ஃபேக்டரிதான் அவருக்கு முக்கியம் என்று. நர்ஸ் கட்டிலைச் சுற்றிப் போய் யாரையோ கையைப் பிடித்து என் வலது பக்கம் கூட்டிவந்தாள். பார்த்தால் இவர்!

"எப்ப வந்திய?" என்று கேட்டேன்.

"காலைலருந்து இங்கதான கோமு இருக்கேன். அந்தா, அந்த நாற்காலியில."

இவர் முத்துக்குமார். திருநெல்வேலிக்காரர். சிஞ்ச்வட் பக்கம் ஒரு ஃபேக்டரியில் டூல் ரூமில் (மெஷின்களுக்கான கருவிகள் செய்யும் பிரிவு) வேலை. எளிதில் கண் கலங்குகிறவர் இல்லை. அன்று அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் நரம்பியல் மருத்துவர் விளக்கினார். இதற்குப் பெயர் நெக்லெக்ட் (கண் நன்றாகவே இருந்தும் மூளை ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவது). இருட்டாகத் தெரியுமா என்று கேட்டேன். இல்லை, இருட்டு தெரிந்தால் ஏதோ குறைகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், இங்கே குறைவதே தெரியாது என்றார். அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: அனோசக்னோசியா (நோய் இருப்பதையே நோயாளி உணராத நிலை). பலருக்கு இது போகப்போகக் குறையும் என்றார். எவ்வளவு, எப்போது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"மெஷினில் தைக்கலாமா, டாக்டர்?" இதுதான் என் முதல் கேள்வி. அதுவரை வீட்டில் எவ்வளவு நேரம் அந்த மெஷின் முன்னால் இருந்திருக்கிறேன் என்பது எங்கள் நிக்டி காலனியில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் என் இடது கையைப் பார்த்தார். அந்தக் கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதவரை கூடாது என்றார். இனி ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். ஊசி விரலில் இறங்கினால் ரத்தம் லேசில் நிற்காது.

ப்ரேமை நகர்த்தும் எம்ப்ராய்டரி யூனிட்டைக் கழற்றிவிட்டால் அதே மெஷினில் குயில்டிங் செய்யலாம். மேலே ஒட்டுத்துணி, நடுவில் மெத்தென்ற பழைய பருத்திச் சேலை, அடியில் இன்னொரு துணி. இங்கே இதைக் கோதடி என்பார்கள், பிள்ளை பிறந்த வீட்டில் கட்டாயம் ஒன்று இருக்கும். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது துணியை நகர்த்துவது மெஷின் இல்லை, நம் இரண்டு உள்ளங்கைகள்தான். ஊசியின் இரு பக்கமும் கை இருக்கும். அதில் ஒரு கையை நான் மறந்துபோனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் வீடு திரும்பியபோது மெஷின் இருந்தது, அதன் ஒயரைக் காணோம்.

"ஒயர எங்க வச்சிருக்கிய?" என்று இவரிடம் கேட்டேன்.

"இப்ப அது எதுக்கு உனக்கு? உடம்பு தேறட்டும்."

"என் உடம்பு தேறுததே அதுலதான். எடுத்துத் தாங்க."

"கையில ஊசி ஏறுனா யாரு பதில் சொல்லுதது? நான் தரமாட்டேன், கோமு. நீ என்ன ஏசுனாலும் சரி."

ஏசத்தான் செய்தேன். ரொம்பவே ஏசினேன். சமையல் போனாலும் பரவாயில்லை, கடைக்குத் தனியாகப் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த மெஷின் மட்டும் இல்லையென்றால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

புனேயில் ஔந்து பகுதியில் ஒரு சிகிச்சை மையம். அன்றாட வேலைகளை நோயாளிக்கு மறுபடி பழக்கும் சிகிச்சையாளர் அங்கே எனக்குக் கிடைத்தார். மானசி என்று பெயர், சின்ன வயசு. என்னைக் 'காக்கூ' என்றுதான் கூப்பிடுவாள். மராத்தியில் சித்தி மாதிரி ஓர் உறவு அது. பேச்செல்லாம் இந்தியில், இங்கே தமிழில் எழுதுகிறேன். முதல் நாள் ஒரு தாள் முழுக்க நட்சத்திரங்களைப் போட்டு, எல்லாவற்றையும் பேனாவால் அடிக்கச் சொன்னாள். அடித்துக் கொடுத்தேன். பாதி பாக்கி இருக்கிறது, காக்கூ என்றாள். கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் போட்டு எல்லா எண்களையும் வலது பக்கமே அடைத்து வைத்திருந்தேனாம். பன்னிரண்டு வரை எழுதியாயிற்று, அப்புறம் என்ன குறை என்று அவளிடம் சண்டைக்குப் போனேன்.

வாரக்கணக்கில் இதுவே நடந்தது. 'இடது பக்கம் பாருங்கள், இடது பக்கம் பாருங்கள்.' பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் அம்மா! இல்லாத ஒன்றை எப்படிப் பார்ப்பது? வாயால் எத்தனை தடவை சொன்னாலும் நோயாளிக்கு இது ஏறாது. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், வேண்டுமென்றே செய்கிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு அது ஏறிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெஷினைத்தான் தரமாட்டார்கள், துணியை அடுக்கவாவது விடுங்கள் என்று கெஞ்சி, அபியிடம் சொல்லித் துணியைச் சதுரம் சதுரமாக வெட்ட வைத்தேன். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு. கணக்குப் போட்டது நான், வெட்டியது அவள். ஹால் தரையில் பழைய சேலையை விரித்து, அதன்மேல் சதுரங்களை நிறம் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். கண்ணுக்கு நிறைவாக முடிந்தது. ஆனால் கையில் ஒரு கத்தைச் சதுரம் மிச்சம் இருந்தது.

"ஏட்டி அபி, எதுக்கு இம்புட்டுக் கூட வெட்டுனே? துணி என்ன சும்மாவா வருது?"

"நீ சொன்ன கவுண்ட்தான் மா. எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தேன். அவள் சரியாகத்தான் வெட்டியிருக்கிறாள். தரையிலும் விரிப்பு நிறைந்திருக்கிறது, கையிலும் துணி மிச்சம் இருக்கிறது. இது நடக்காத காரியம். வருஷக்கணக்கில் இந்த வேலை செய்கிறேன். நிறத்தில் தப்பு விட்டிருக்கிறேன், நூலில் தப்பு விட்டிருக்கிறேன், துணிக் கணக்கில் விட்டதே இல்லை. டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை, மானசி சொன்னதை நம்பவில்லை. ஆனால் என் கையிலிருந்த கத்தையை நம்பாமல் எப்படி இருப்பது?

எழுந்து விரிப்பைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஐயோ! சேலையில் பாதி வெறுமையாகக் கிடந்தது. பெரிய வெற்றிடம், பளிச்சென்று தெரிகிறது. அதோடு இன்னொன்று: நான் அடுக்கி வைத்திருந்த சதுரங்களைக் காணோம்! பதறிப்போய்ப் பழைய இடத்துக்கு ஓடினேன். சதுரங்கள் இருந்தன, வெற்றிடம் போய்விட்டது. மறுபடி அந்தப் பக்கம் போனேன். வெற்றிடம் வந்தது, சதுரங்கள் போயின. தரையில் எதையும் யாரும் தொடவில்லை. மாறியது நான் நின்ற இடம் மட்டும்தான்.

"அபி! எனக்குத் தெரியாம இருக்குட்டி! நெசமாவே எனக்குத் தெரியாமத்தான் இருக்கு!" என்று கத்தினேன். என் குரலில் அவ்வளவு சந்தோஷம். அபி பயந்து ஓடிவந்து, நான் சிரிப்பதைப் பார்த்து இன்னும் பயந்தாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்த விரிப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்கு என்ன வியாதி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துவிட்டால் அதோடு மல்லுக்கட்டலாமே!

மானசிக்கு அப்போதே போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அவளும் போனில் கத்தினாள். "இதை நான் தாளில் எத்தனை நாள் காட்டினேன், காக்கூ! சரி, இனிமேல் தாளே வேண்டாம். நாளைக்கு அந்தத் துணியை எடுத்துக்கொண்டு வாருங்கள்."

குயில்டிங் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. துணியை ஒரே பக்கமாகப் பிடித்து வேலை செய்யமாட்டோம். மூலை வரும்போதெல்லாம் திருப்புவோம், எந்தப் பக்கம் இழுக்கிறது, எங்கே சுருக்கம் விழுகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தையே மானசி எனக்கு மருந்தாக்கினாள். சாப்பாட்டுத் தட்டைத் திருப்பு, செய்தித்தாளைத் திருப்பு, அறைக்குள் நுழைந்தால் ஒரு சுற்றுச் சுற்று. எதை எடுத்தாலும் அதன் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை வைத்தாள். கண் அந்தச் சிவப்பைப் போய்த் தொடும்வரை தலையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். இடது கையில் மட்டும் கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டாள் அபி. கை எங்கே போனாலும் சத்தம் போட்டுத் தன் இருப்பைச் சொன்னது.

ஒரு நாள் இவர் வேலை முடிந்து வந்து, மெஷினுக்கு ஒயரை மாட்டினார். ஓடிப் போய் உட்கார்ந்து பார்த்தால், ஊசி இல்லை. நூலும் இல்லை. டப்பாவில் இருந்த ஊசிப் பாக்கெட்டுகள் அத்தனையும் மாயம்.

"இது என்ன விளையாட்டு?"

"ஓட்டு. துணியப் போட்டு நல்லா ஓட்டிப் பழகு. எங்க ஃபேக்டரியிலயும் மெஷின்ல புதுசா ஒரு வேலை போட்டா முதல்ல வெட்டுத கட்டர் இல்லாமத்தான் ஓட்டிப் பாப்போம்."

முதலில் எனக்கு ரோஷமாக இருந்தது. சின்னப் பிள்ளைக்குப் பொம்மை வண்டி கொடுக்கிறார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்புறம் காலால் பெடலை ஒரு அழுத்து அழுத்தினேன். கடகடவென்று அந்தச் சத்தம்! எத்தனை மாதம் ஆயிற்று அதைக் கேட்டு! ரோஷமாவது ஒன்றாவது. துணியில் சாக்பீஸால் கோடு போட்டு, மூன்று அடுக்கையும் ஃபுட்டுக்கு (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) அடியில் கொடுத்து, கோட்டின்மேலேயே ஓட்டினேன். தையல் விழாது. ஆனால் கை நகரும், துணி நகரும். தினமும் காலையில் பாத்திரம்கூடக் கழுவாமல் போய் உட்கார்ந்துவிடுவேன்.

எத்தனையோ முறை இடது கை ஃபுட்டுக்குக் கீழே போய் மாட்டிக்கொண்டது. "போச்சு! விரல் போச்சு!" என்று அபி பக்கத்திலிருந்து கத்துவாள். ஊசி இல்லாததால் விரலில் சும்மா ஓர் அழுத்தம்தான். ஊசி இருந்திருந்தால் என்ற நினைப்பு வரும். அப்போதெல்லாம் இவரை நான் ஏசியதை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன், வெளியே சொல்லவில்லை.

பல மாதங்கள் கழித்து மானசி எங்கள் வீட்டுக்கே வந்தாள். நட்சத்திரத் தாளில் எல்லா நட்சத்திரங்களையும் அடித்திருந்தேன். இனி மெஷின்தான் பாக்கி.

"ஊசி இல்லாமலேதான், காக்கூ. கோதடியின் நான்கு ஓரத்தையும் ஒரே மூச்சில் ஓட்டுங்கள். உங்கள் கை ஃபுட்டை நெருங்கினால் நான் 'நிறுத்து' என்பேன். ஒரு தடவை நான் அப்படிச் சொல்ல நேர்ந்தாலும் இன்னும் சில மாதம் ஊசி கிடையாது. நான் சொல்லாமல் முடித்துவிட்டால் ஊசியை மாட்டிக்கொள்ளலாம்."

இவர் சுவரில் சாய்ந்து நின்றார். அபி நகம் கடித்தாள். நான் பெடலை அழுத்தினேன்.

முதல் ஓரம் சுகமாகப் போனது. மூலையில் நிறுத்தி, திருப்பி, சிவப்பு நாடாவைக் கண்ணால் தொட்டுவிட்டு அடுத்த ஓரம். அதுவும் போனது. மூன்றாவது ஓரத்தில் மானசி சத்தமில்லாமல் இடது பக்கம் ஒரு நூல் கண்டை வைத்தாள். "அத அந்தப் பக்கம் எடுத்து வை தாயி, துணி இடிக்கும்" என்றேன் ஓட்டிக்கொண்டே. அபி கை தட்டப் போனாள், இவர் தடுத்தார்.

நான்காவது ஓரத்தில், கிட்டத்தட்ட முடியப்போகும் இடத்தில், பெடலிலிருந்து காலை எடுத்தேன். மெஷின் நின்றது.

இவர் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் வந்து, "பரவால்ல கோமு. அசதியா இருக்கும். இன்னொரு நாள் பாப்போம்" என்றார் மெதுவாக.

"அசதியெல்லாம் ஒண்ணும் இல்ல. இந்தா, கை உள்ள வந்துட்டு. இடது கை. அதான் நிறுத்துனேன்."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கனத்த துணி இழுத்த இழுப்பில் என் ஆள்காட்டி விரல் ஃபுட்டுக்கு அருகே போயிருந்தது. மானசி தன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், காக்கூ! அதற்குள் நீங்களே நிறுத்திவிட்டீர்கள்." நான் விரலை நகர்த்தி வைத்து, மிச்ச ஓரத்தையும் ஓட்டி முடித்தேன். அப்புறம்தான் கை தட்டினார்கள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன்.

இவர் உள்ளே போனார். எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, அலமாரி திறந்து மூடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

பூரணமாகக் குணமாகிவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். எனக்கு உலகம் இப்போது ஒரே நேரத்தில் வருவதில்லை. முதலில் வலது பக்கம் வருகிறது, பிறகு நான் திரும்பினால் இடது பக்கம் வருகிறது. முன்பெல்லாம் ஓர் அறைக்குள் நுழைந்ததும் அறை இருக்கும். இப்போது அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. அதற்காக நான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எந்த வேலையும் மெதுவாகத்தான் நடக்கிறது. எதையும் முடிந்தது என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை சுற்றி வருகிறேன். என் இடது கையையும் அப்படித்தான், தினமும் தேடிப் போய்ப் பார்த்து, இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பு அதை ஒரு பொருட்டாகவே நான் நினைத்ததில்லை. இப்போது அது என்மேல் இருப்பதே பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இவர் திரும்பி வந்தார். வழக்கமாக எனக்குத் தெரிய வேண்டுமென்று வலது பக்கமாகத்தான் வருவார். அன்று அந்தப் பக்கம் வரவில்லை. யாரும் எனக்கு எதுவும் சொல்லவும் இல்லை. நான் மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டே போனேன். முதலில் அவருடைய சட்டை தெரிந்தது, பிறகு நீட்டியிருந்த கை, பிறகு அதன் நுனியில் ஒரே ஓர் ஊசி.

இடது கையால் வாங்கிக்கொண்டேன்.